தொலைநகல் என்னும் பெட்டிக்குள்

ஒரு பக்கம் எழுதினால் போதும் என்றுதான் நிரோஷா கேட்டார். மட்டக்களப்பு வாவிக்கரையில் உள்ள ஓர் அரச அலுவலகத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். நான் எழுந்த கதிரையில் இப்போது இருப்பவர் நிரோஷா. அலுவலகத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இதில் வரும் பிழைகளை அலுவலகம் செய்யவில்லை.

"சேர், கடிதத் தலைப்பில இருந்து 'தொலைநகல்' எண்ட வரிய எடுக்கச் சொல்லி வந்திரிக்கி," என்றார் தொலைபேசியில். "மெசின் போய் எத்தின வருசம்! இப்பதான் எடுக்கச் சொல்றாங்க. அலுவலக மலருக்கு அந்தச் சொல்லப் பத்தி ஒரு பக்கம் எழுதித் தாங்களன். எங்க இருந்து வந்த, என்ன கருத்து எண்டு. நீங்கதானாமே அதுக்காகச் சண்ட புடிச்ச ஆள்."

"ஆர் சொன்ன?"

"ஹனீபா நானாதான். இன்னுமொரு கதை இரிக்கி, அத சேரிட்டயே கேளுங்க எண்டும் சொன்னார்."

ஹனீபா சொல்லாமல் விட்ட கதை எது என்று எனக்குத் தெரியும். அதை எழுதுவதற்கு முன் ஓரிடத்துக்குப் போய்வர வேண்டியிருந்தது. தாமதத்துக்கு அதுதான் காரணம். கண்ணாடி உடைந்துவிட்டது என்று நிரோஷாவுக்குச் சொன்னது பொய்.

கேட்டதை முதலில் தந்துவிடுகிறேன். 'பெக்ஸ்' என்பது 'பெக்சிமிலி' என்ற நீண்ட சொல்லின் வால் வெட்டிய வடிவம். அந்த நீண்ட சொல்லும் இலத்தீனில் இரண்டு சொற்கள்: 'அதுபோலவே செய்' என்று பொருள். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரு பாதிரியாரிடம் இலத்தீன் படித்தவன் நான். எட்டு வருடம் படித்ததில் வாழ்க்கைக்குப் பயன்பட்டது இந்த இரண்டு சொற்கள்தான். அதுபோலவே செய். ஓர் அரச ஊழியனுக்கு இதைவிடப் பொருத்தமான கட்டளை எந்த மொழியிலும் இல்லை.

தமிழில் இதற்குத் 'தொலைநகல்' என்று வைத்தார்கள். தொலைவிலிருந்து வரும் நகல். வைத்தது நான் இல்லை. ஆனால் நான்தான் வைத்தவன் போல நடந்துகொண்டேன். கொழும்பில் மொழிபெயர்ப்புப் பயிற்சி பெற்ற காலத்தில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன் ஜெயசீலன். பயிற்சியில் கற்றதெல்லாம் மறந்துபோயிற்று. அவனோடு பிடித்த சண்டை மறக்கவில்லை. "சனத்திட வாயில வாறதுதான் மச்சான் சொல். மத்ததெல்லாம் அச்சுப்பிழை," என்பான். சனத்தின் வாயைத் திருத்துவதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம் என்பேன் நான். அவன் கொழும்பில் ஒரு திணைக்களத்தில் தங்கிவிட்டான். நான் ஊருக்கு வந்தேன். சண்டை மட்டும் கடிதத்திலும், பிறகு அதே பெக்ஸிலும் தொடர்ந்தது.

எங்கள் அலுவலகத்தில் தொலைநகல் இயந்திரத்தின் பொறுப்பு காத்தான்குடி ஹனீபாவிடம் இருந்தது. இயந்திரத்துக்கு அவர் மனைவி தைத்துக் கொடுத்த பூப்போட்ட உறை. காலையில் அதை எடுத்து, நாலாக மடித்து, மேசை லாச்சிக்குள் வைத்த பிறகுதான் உலகம் எங்களோடு பேசலாம். ஒரு நாள் அவரைப் பிடித்துத் திருத்தினேன்.

"ஹனீபா, பெக்ஸ் எண்டு சொல்லாதங்க. தொலைநகல். சுத்தத் தமிழ்."

"தொலை ஒங்கட சாமான் சேர். நகல் எங்கட சாமான்."

"என்ன?"

"நக்ல் எண்டா அறபு. ஒரு இடத்தில இருந்து இன்னொரு இடத்துக்குத் தூக்கிட்டுப் போற. ஒரு எழுத்தப் பாத்து இன்னொண்டு எழுதுறதும் நக்ல்தான். சும்மா சுத்தம் சுத்தம் எண்டு எங்கட சாமானையும் கழுவாதங்க."

அகராதியைப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அதன் பிறகும் நான் சுத்தத் தமிழ் என்றே சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஹனீபா இல்லாத இடங்களில்.

ஆனால் எவரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. கடிதத் தலைப்பில் தொலைநகல், கையேட்டில் தொலைநகல், அறைக் கதவில் தொலைநகல், கதவைத் தாண்டினால் எல்லோருடைய வாயிலும் பெக்ஸ். எனக்கு மேலே இருந்த நிர்வாக உத்தியோகத்தர் அருளம்பலம் ஐயா கூட "தம்பி, அந்தத் தொலைநகலை பெக்ஸ் பண்ணிவிடும்" என்றுதான் சொல்வார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் அவருடைய அடிமட்டத்துக்கும் பங்கு உண்டு. அருளம்பலம் ஐயா ஒருபோதும் பிழை என்று வாயால் சொன்னதில்லை. கடுதாசியின் மூலையை மடித்துத் திருப்பி அனுப்புவார். ஒரு மடிப்பு என்றால் எழுத்துப்பிழை. இரண்டு மடிப்பு என்றால் மறுபடி எழுது. மூன்று மடிப்பு என்றால் நேரில் வா. அவர் மேசையில் கோடு போடும் ஒரு மர அடிமட்டம் இருக்கும். கடிதத்தை வாசிப்பதற்கு முன் ஓரங்களை அளப்பார். அளவு சரியென்றால் பொருளும் ஏறக்குறைய சரியாகத்தான் இருக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. அலுவலகத்தில் அவருக்கு 'அடிமட்டம்' என்றே பெயர். அது அவருக்கும் தெரியும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது என்றே நினைக்கிறேன்.

தொலைநகல் அனுப்புவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். கடிதத்தில் அவர் சுருக்கொப்பம் வேண்டும். பிறகு ஹனீபா அனுப்புவார். அனுப்பிய கையோடு தொலைபேசியில் கூப்பிட்டு வந்ததா என்று கேட்பார். வந்தது என்றால் அதே கடிதத்தைத் தபாலிலும் போடுவார். தபால் கிடைத்ததும் அவர்கள், கிடைத்தது என்று ஒரு தொலைநகல் அனுப்புவார்கள்.

வருகிற தொலைநகலுக்கும் முறை இருந்தது. அது நியாயமான முறை. இயந்திரத்தில் போடுவது சாதாரணக் கடுதாசி இல்லை. வழுவழுப்பான சுருள், மை கிடையாது, சூட்டினால் எழுத்து கறுத்து விழும். வெளிச்சத்தில் வைத்தால் சில மாதங்களில் எழுத்து வெளிறிப் போய்விடும். சூடு பட்டால் முழுவதும் கறுத்துவிடும். ஒருமுறை வந்த சுற்றுநிருபத்தின் மேல் ஹனீபா சுடச்சுடத் தேத்தண்ணிக் குவளையை வைத்துவிட்டார். வட்டமாக ஒரு கறுப்பு வளையம் விழுந்தது. அருளம்பலம் ஐயா அதை அடிமட்டத்தால் அளந்து பார்த்துவிட்டு, "இது எந்த அமைச்சின் முத்திரை?" என்று எழுதி, மூலையை மூன்று மடிப்பு மடித்து அனுப்பினார்.

அன்றிலிருந்து இயந்திரத்துக்கு மேலே ஓர் அறிவித்தல் தொங்கியது. என் தமிழ்: 'பெறப்படும் தொலைநகல்கள் உடன் பிரதி செய்யப்படல் வேண்டும்.' பிரதி எடுக்கும் இயந்திரம் அருளம்பலம் ஐயாவின் அறைக்குள் இருந்தது. ஒவ்வொரு பிரதிக்கும் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். காரணத்தை அவர் வாசிப்பார்.

இனி அந்த வருடத்துக்கு வருகிறேன்.

சுனாமி அலை வந்த காலையில் என் வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை. வாவியின் உட்புறம் இருந்தவர்கள் தப்பினோம். ஹனீபா நாலாம் நாள் வேலைக்கு வந்தார். தங்கையும் அவள் பிள்ளைகள் இரண்டும் அலையில் மௌத்தாகிவிட்டார்கள் என்று சொன்னார். பிறகு இயந்திரத்தின் உறையை எடுத்தார். மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவ்வளவுதான். அந்த வாரம் முழுவதும் இயந்திரம் ஓயவில்லை.

காணாமற் போனவர்களைப் பதிவதற்கு மேலிடத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு படிவம் வந்தது. இரண்டு நாளில் தமிழில் வேண்டும் என்றார்கள். நான் ஒரே இரவில் செய்தேன். விண்ணப்பதாரர் பெயர், முகவரி, தொலைபேசி, தொலைநகல், காணாமற் போனவர் பெயர், வயது, அடையாளம்.

தட்டச்சு செய்த படியைப் பார்த்து முதலில் வாய் திறந்தவர் ஹனீபா.

"சேர், பள்ளிக்கூடத்துக்குள்ள பாய் விரிச்சிப் படுத்துக் கிடக்குற சனத்துக்கிட்ட பெக்ஸ் நம்பர் கேக்கிறீங்களே, ஒங்களுக்கே இது நல்லா இரிக்கா?"

"இங்கிலீசில இருக்கு. இங்கிலீசில இருக்கிறது தமிழில இருக்கவேணும். மொழிபெயர்ப்பாளன் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது."

"மனிசன் குறைஞ்சு போய்க் கிடக்கான். ஒரு பெட்டி குறைஞ்சா என்ன?"

குறைக்கவில்லை. படிவம் அருளம்பலம் ஐயாவிடம் போயிற்று. மூன்று மடிப்போடு திரும்பியது. நேரில் போனேன். அவர் அடிமட்டத்தைப் படிவத்தின் மேல் வைத்திருந்தார்.

"தம்பி, பெயருக்குப் பெரிய பெட்டி. தொலைநகலுக்குச் சின்னப் பெட்டி. ஒரு பெட்டிக்கு ஒரு நீதி, இன்னொரு பெட்டிக்கு இன்னொரு நீதியா?"

ஆகவே எல்லாப் பெட்டிகளையும் ஒரே அளவாக்கினோம். தொலைநகல் என்ற பெட்டி, அடையாள அட்டையில் ஒட்டும் படம் அச்சாகப் பொருந்தும் அளவுக்கு வந்து சேர்ந்தது.

படிவங்கள் நிரம்பி வரத் தொடங்கின. அந்தப் பெட்டியில் சனம் எழுதியதைப் பார்த்து நான் சிரித்தேன். ஒருவர் 'இரண்டு கட்டை' என்று தூரத்தை எழுதியிருந்தார். இன்னொருவர் 'தொலைந்துவிட்டது, நகலும் இல்லை' என்று எழுதியிருந்தார். அவர்கள் மேல் பிழை இல்லை. அலையில் அடையாள அட்டையைப் பறிகொடுத்தவர்களிடம் எல்லாம், தொலைந்த அட்டையின் நகல் இருந்தால் கொண்டுவாருங்கள் என்று கிராம சேவையாளர்கள் கேட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. தொலை, நகல் என்ற இரண்டு சொற்களும் அந்த ஒழுங்கில்தான் அவர்கள் காதில் விழுந்திருந்தன.

பிறகு பூரணம் வந்தார்.

தேற்றாத்தீவுக்காரி. கருவாடு போட்டு விற்பவர். கணவன் முன்னமே இல்லை. அலை வந்த அன்று மகனைக் கூட்டிக்கொண்டு கரடியனாற்றில் இருந்த தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். மகள் சுகந்தி காய்கிற கருவாட்டுக்குக் காவலாக வீட்டில் நின்றிருக்கிறாள். வீடு இருந்த இடத்தில் இப்போது மணல்.

படிவத்தை என் மேசையில் வைத்தார். தொலைநகல் என்ற பெட்டிக்குள் ஒரு படம் சோற்றுப் பருக்கையால் ஒட்டப்பட்டிருந்தது. இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண்பிள்ளை கதிரையில் இருந்தாள். அவள் தோளில் ஒரு கை இருந்தது. கைக்குச் சொந்தமான உடம்பு இல்லை.

"இதென்ன?" என்றேன்.

"நகல் கேட்டிரிக்கி ஐயா. தொலைஞ்ச ஆள்ர நகல். எங்களுக்கிட்ட ஒண்டும் மிஞ்சல்ல. தங்கச்சிட வீட்டுச் செவத்தில இந்தப் படம் ஒண்டுதான் தொங்கின. அதத்தான் ஒட்டினன்."

"இது ஆர்ர கை?"

"தம்பிட கை. ரூபன். ரெண்டு பேரும் நிண்டு எடுத்த படம். அவன் இரிக்கான்தானே ஐயா, அவன் தொலையல்லயே. அதால அவன மடிச்சிட்டன்."

படத்தைக் கிழிக்க மனமில்லாமல், மகன் நின்ற பாதியைப் பின்னால் மடித்து, மகள் மட்டும் தெரியும்படி ஒட்டியிருந்தார்.

நான் சிரித்தேன். புன்னகை இல்லை, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தேன். படிவத்தைத் தூக்கி அடுத்த மேசைகளுக்கும் காட்டினேன். "பாத்தீங்களா? தொலைஞ்ச ஆள்ர நகல்!" என்றேன். நாலைந்து பேர் சிரித்தார்கள். ஹனீபா சிரிக்கவில்லை. பூரணமும் சிரித்தார். கூடத்தில் எல்லோரும் சிரிக்கும்போது என்னவென்று தெரியாமல், மரியாதைக்காகச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

"அம்மா, இது மெசின் நம்பர் எழுதுற பெட்டி. படிவம் பழுதாப் போச்சு. வேற ஒண்டு நிரப்பித் தாங்க."

"படத்த எடுத்துத் தாங்க ஐயா."

இழுத்துப் பார்த்தேன். பருக்கை இறுகியிருந்தது. "நனைச்சுத்தான் எடுக்கவேணும். நாளைக்கு வாங்க," என்றேன்.

அவர் போன பிறகு எனக்கு ஜெயசீலனின் நினைவு வந்தது. பத்து வருடத்துச் சண்டை. சனத்தின் வாயில் வராத சொல் என்று சொன்னவனுக்கு, சனம் அந்தச் சொல்லை எடுத்து என்ன செய்திருக்கிறது என்று காட்டவேண்டும். படிவத்தின் மேல் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதினேன்: 'கலைச்சொல் அறிஞரின் கவனத்துக்கு. தொலைநகல் என்றால் தொலைந்தவரின் நகல். மக்கள் தீர்ப்பு வந்துவிட்டது. தோல்வியை ஒப்புக்கொள்கிறேன்.' ஹனீபாவிடம் கொடுத்தேன்.

"ஐயாட ஒப்பம் இல்லயே சேர்."

"இது பகிடி. பதிவில்லாமல் அனுப்பும்."

"படம் தடிப்பு சேர். மடிப்போட போட்டா மெசின் திண்டிரும்."

"அப்ப விரிச்சு அனுப்பும்."

ஹனீபா மடித்த பாதியை விரித்தார். அக்காவின் தோளில் கை வைத்தபடி, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பொடியன், படமெடுப்பவரைப் பார்த்து முறைத்துக்கொண்டு நின்றான். கடுதாசி உள்ளே போயிற்று. முதல் சில அங்குலம் சரியாகப் போனது. பிறகு ஒரு சத்தம். பருக்கை விட்டுக் கொடுத்தது. படம் கடுதாசியிலிருந்து உரிந்து உருளைகளுக்குள் போயிற்று. ஹனீபா வயரைப் பிடுங்கினார். மூடியைத் திறந்து சாமணத்தால் வெளியே எடுத்தபோது முகங்கள் இருந்த இடத்தில் வெள்ளைக் கீறல்கள் இருந்தன. அவர் அதை என் மேசையில் வைத்துவிட்டுப் போய் இயந்திரத்துக்கு உறையைப் போட்டார். அப்போது காலை பத்து மணி.

ஜெயசீலன் கூப்பிட்டான். "வந்திட்டு மச்சான். நெஞ்சுக்குக் கீழ இழுபட்டுப் போச்சு, ஆனா முகம் ரெண்டும் அச்சா விழுந்திரிக்கி. அலுமாரிக் கதவில ஒட்டி வெக்கப் போறன்." சிரித்துச் சிரித்து இருமினான். நானும் சிரித்தேன். கீறல் விழுந்த படம் என் முன்னால் கிடந்தது.

மறுநாள் பூரணம் வந்து கேட்டபோது, "படம் கொழும்புக்குப் போயிட்டு அம்மா," என்றேன். பொய் என்று சொல்லமுடியாது. நடந்ததை எனக்கு வசதியான சொற்களுக்கு மாற்றினேன். அதுதானே என் தொழில்.

"எப்ப திரும்பி வரும்?"

"வரும்."

அதன் பிறகு மூன்று தரமோ நாலு தரமோ வந்தார். பிறகு வரவில்லை. அந்தக் கீறல் படத்தை ஒரு நாள் அலுவலகக் குப்பையோடு எரித்தேன்.

போர் முடிந்த வருடம் மறுபடி வந்தார். வேறு காணாமற் போனவர்கள், வேறு படிவம். இம்முறையும் தமிழாக்கம் நான்தான். தொலைநகல் பெட்டி இல்லை, நானே எடுத்துவிட்டேன். 'புகைப்படம்' என்று ஒரு பெட்டி இருந்தது, தெளிவாக.

"ஐயா, என்னத் தெரியுதா?"

தெரிந்தது.

"ரூபன ரெண்டு வருசத்துக்கு முன்ன கொண்டு போன. வன்னிப் பக்கம் நிண்டான் எண்டு கடைசியாக் கேள்வி. மறுகா ஒரு செய்தியும் இல்ல."

யார் கொண்டுபோனார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு விடை எழுதும் பெட்டி எந்தப் படிவத்திலும் இருந்ததில்லை.

"படம் இருக்கா அம்மா?"

"எங்கால? பள்ளிக்கூடத்தில படமெடுக்கக்குள்ளயும் நான் விடல்ல. முகம் தெரிஞ்சா புடிச்சிட்டுப் போயிருவாங்க எண்டு பயம். ஒரு படத்துக்கும் அவன நிக்க விடல்ல. ஆனா அந்தப் படத்தில இரிக்கான்தானே. நீங்க கொழும்புக்கு அனுப்பின படம். அதத் திருப்பி எடுத்துத் தாங்க." மேசையில் உள்ளங்கையை விரித்துச் சொன்னார்: "இப்ப மடிக்கத் தேவல்ல ஐயா. அப்பிடியே விரிச்சு ஒட்டலாம்."

அவரை வாங்கில் இருத்திவிட்டு ஜெயசீலனுக்குக் கூப்பிட்டேன்.

"அந்தப் பகிடியா? இன்னும் அலுமாரிக்குள்ள ஒட்டித்தான் கிடக்கு. இருட்டில இருந்ததால அழியல்ல. கொஞ்சம் வெளிறிப்போச்சு. ஏன்?"

காரணத்தைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "இப்பவே அனுப்புறன்," என்றான்.

இனி எழுதப் போவதை ஹனீபாவும் அறியமாட்டார்.

அந்தக் கடுதாசியின் மேல் ஓரத்தில் என் கையெழுத்தில் என் பகிடி இருந்தது. பூரணம் நாலு வகுப்புப் படித்தவர், வாசிக்கத் தெரியும். "மேல நான் எழுதினத ஒரு கடுதாசியால மூடிப்போட்டு அனுப்பு," என்றேன். சரி என்றான். "அனுப்பினதும் கிழிச்சுப் போடு." ஏன் என்று கேட்டான். "கிழி," என்றேன். இயந்திரம் ஒலித்தது, சுருள் வெளியே வந்தது, தொலைபேசியில் அவன் கடுதாசியைக் கிழிக்கும் சத்தமும் கேட்டது. எனக்கு நெஞ்சு லேசாகியது.

நகலின் நகல். இரண்டு முகங்களும் புகை பிடித்த சுவர் போல இருந்தன. ஆனால் ஒரு பின்னல் தெரிந்தது. தோளில் வைத்த கை மிகத் தெளிவாகத் தெரிந்தது. பூரணம் அதை இரண்டு கையாலும் வாங்கினார். "இது பொட்ட. இது பொடியன்," என்று விரலால் தொட்டுக் காட்டினார். "முறைக்கான் பாருங்க ஐயா, களிசறை." நான் பார்த்தேன். எனக்கு எந்த முறைப்பும் தெரியவில்லை.

பிரதி எடுக்கும் இயந்திரம் பத்தடி தூரத்தில் இருந்தது. பதிவேட்டில் காரணம் எழுதவேண்டும். அருளம்பலம் ஐயா வாசித்து, மூன்று மடிப்பு மடித்து, இது எங்கிருந்து வந்தது என்று கேட்பார். என் சொந்தத் தமிழ் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது: உடன் பிரதி செய்யப்படல் வேண்டும். நான் செய்யவில்லை.

"கடையில ஒரு கொப்பி எடுத்து, படிவத்தில ஒட்டிக் கொண்டுவாங்க அம்மா," என்று அனுப்பினேன். சூடு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பின்னேரம் மூன்று மணிக்குத் திரும்பி வந்தார். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கறுப்பு அட்டை. ஒரு கீறலும் இல்லாத, பளபளத்த கறுப்பு.

"கடுதாசி மெல்லிசு, கிழிஞ்சிரும், லெமினேட் பண்ணிப்போட்டுக் கொப்பி எடுப்பம் எண்டார் கடக்காரர். மெசினுக்குள்ள விட்ட உடன கறுத்துப் போச்சு ஐயா. அந்த மனிசன் அழுதிட்டார். பாவம், அவருக்கு என்ன தெரியும்?" பிறகு, "கொழும்பில இரிக்கிதானே? இன்னொருக்கா அனுப்பச் சொல்லுங்க," என்றார்.

நான் தொலைபேசியை எடுத்தேன். எண்களை அழுத்தினேன்.

"நீதானே மச்சான் கிழிக்கச் சொன்ன," என்றான் ஜெயசீலன்.

தொலைபேசியை வைத்துவிட்டு, "அங்கயும் அழிஞ்சு போச்சாம் அம்மா," என்றேன்.

படிவத்தில் புகைப்படப் பெட்டிக்குள் 'இல்லை' என்று எழுதப் போனேன். அவர் என் கையைப் பிடித்தார். அரச அலுவலகத்தில் யாரும் உத்தியோகத்தரின் கையைப் பிடிப்பதில்லை.

"இல்ல எண்டு எழுதாதங்க. உள்ளுக்க இரிக்காங்க ரெண்டு பேரும்."

பெட்டியை வெறுமையாக விட்டேன். மூலை இரண்டு மடிப்போடு திரும்பி வந்தது. அப்படியே மறுபடியும் மறுபடியும் அனுப்பினேன். மூன்றாவது தரம் மடிப்பில்லாமல் போயிற்று. அருளம்பலம் ஐயா ஒன்றும் கேட்கவில்லை. அந்த மனிதரைப் பற்றி மேலே எழுதிய பகிடிகளில் பாதியை இதற்காகவே வெட்டியிருக்கலாம், வெட்டவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு நாள் டவுனுக்குப் போனேன். பாதையோரக் கொட்டகையில் காணாமற் போனவர்களின் தாய்மார் படங்களைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். பூரணமும் இருந்தார். அவர் கழுத்தில் நூல் கட்டித் தொங்கியது அந்தக் கறுப்பு அட்டை. யாரோ கேட்டார்கள், அதென்ன என்று. "எண்ட புள்ளையள்ர தொலைநகல்," என்றார். அப்படியே, எழுத்துப் பிசகாமல். அலுவலகத்துக்கு வெளியே அந்தச் சொல்லை ஒருவர் தன் வாயால் தானாகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தரம். நான் பாதையைக் கடந்து மற்றப் பக்கத்தால் போனேன்.

நிரோஷா கூப்பிட்ட பிறகு, போன கிழமை, மற்றப் பக்கத்தால் போகவில்லை. கொட்டகைக்குள் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்ததை, அனுப்பியதை, மெசின் தின்றதை, மூடச் சொன்னதை, கிழிக்கச் சொன்னதை. ஒழுங்காகத்தான் சொன்னேன். சொல்லுவதற்குக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

அவர் அட்டையைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"அண்டைக்கு நானும் சிரிச்சன் ஐயா."

"ஓம்."

"எல்லாரும் சிரிச்சீங்க, நானும் சிரிச்சன். என்னத்துக்குச் சிரிச்ச எண்டு எத்தினையோ நாள் யோசிச்சிரிக்கன். இப்பதான் விளங்குது."

மன்னிப்பு என்ற சொல்லைக் கொண்டுதான் போயிருந்தேன். அது வாயில் வரவில்லை. அவர் நூலைத் தலைக்கு மேலால் கழற்றினார்.

"இதக் கொஞ்சம் புடிங்க. தண்ணி குடிச்சிட்டு வாறன். கீழ வெக்காதங்க."

பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு இடமும் வலமும் தாய்மார் இருந்தார்கள். அவர்கள் கைகளில் இருந்த படங்களில் முகங்கள் இருந்தன. கமராவோடு ஓர் இளைஞர், பல்கலைக்கழகத்துப் பிள்ளை போல, ஒவ்வொரு படமாக எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார்.

"ஐயா, இதில படம் ஒண்டும் காணல்லயே. இது என்ன?"

"தொலைநகல்," என்றேன்.

"தொலைநகல் எண்டா... பெக்ஸா?"

அந்தக் கேள்விக்கு ஓம் என்று சொல்லியே காலம் கழித்தவன் நான்.

"இல்ல தம்பி," என்றேன்.